எறும்பு ஏன் அந்தப் புழுவைக் கடிக்கவில்லை?

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானை ஒட்டிய கோயிலில், கொடிமரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு சைக்கஸ் செடிகள் நிற்கின்றன. தோட்டத்தை விட்டு வந்தபோது பழைய கோயிலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நட்டவை. பார்க்கக் குட்டிப் பனை மாதிரி இருக்கும். ஆனால் பனைக்கும் அதற்கும் உறவில்லை. பூவே பூக்காமல் கூம்பு வைக்கிற, மிகப் பழைய செடி வகை அது. வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ நடுவிலிருந்து புதுக் குருத்துகள் மொத்தமாகக் கிளம்பும்.

போன தடவை குருத்து வந்த ஒரே வாரத்தில் எல்லாம் தும்பு தும்பாகப் போய்விட்டது. ஈர்க்குகள் மட்டும் மிச்சம். கோயில் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் மாமா, "எறும்புதான் தம்பி, பாருங்க எப்படி மொய்க்குது" என்று சொல்லி, எறும்புப் பொடியை அடியில் கொட்டினார். மறுநாள் எறும்பைக் காணோம். குருத்து மட்டும் தொடர்ந்து காலியாகிக்கொண்டே இருந்தது.

அங்கே நின்ற இன்னொருவர், எறும்பு புழுவைத் தின்ன வந்ததாகவும் அதை விரட்டியது தப்பு என்றும் சொன்னார். எறும்பும் புழுவும் நண்பர்கள் என்று கைப்பேசியில் வந்த ஒரு வீடியோவைக் காட்டினார் மூன்றாமவர். மூன்று பேர் சொன்னதும் சரியில்லை. உண்மையில் நடப்பது இந்த மூன்றையும்விடச் சுவையானது என்பதால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

குருத்தைத் தின்றது ஒரு சின்னப் பட்டாம்பூச்சியின் புழு. சைக்கஸ் நீலன் என்று வைத்துக்கொள்வோம். அறிவியலில் இதன் பெயரின் இரண்டாம் பாதி 'பாண்டவா'. ஜாவாவில் வேலை பார்த்த தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட் என்ற மருத்துவர் 1829-இல் சூட்டிய பெயர் அது. பாண்டவர் கதையை நிழற்கூத்தில் விடிய விடிய ஆடுகிற ஊர் ஜாவா. நம் கோயில் வாசலில் பறக்கிற பூச்சிக்குப் பாண்டவர் பெயர் என்று தெரிந்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இறக்கையை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் பத்து சென் காசுக்குள் அடங்கிவிடும். மூடிய இறக்கை சாம்பல் நிறம். அதில் வெள்ளைக் கோடு போட்ட பட்டைகள், சில கறுப்புப் புள்ளிகள். திறந்தால் ஆணுக்கு ஊதா கலந்த நீலம்; பெண்ணுக்கு ஓரமெல்லாம் அகலமான கறுப்பு, நடுவில் மட்டும் நீலம். பின்இறக்கை நுனியில் மயிரிழை போல ஒரு வால் உண்டு. திடலில் புல்லை உரசுவது போலத் தாழப் பறக்கிற குட்டி நீலன் வேறு. அதற்கு வால் கிடையாது.

பெண் பூச்சி முட்டையிடுவது பெரும்பாலும் அப்போதுதான் முளைக்கிற குருத்தில். காரணம் எளிது. முற்றிய சைக்கஸ் ஓலை பிளாஸ்டிக் மாதிரி விறைத்துவிடும், குட்டிப் புழுவின் வாய்க்கு ஆகாது. குருத்து இளசாக இருப்பது கொஞ்ச நாள்தான். அதற்குள் முட்டை பொரிந்து, புழு தின்று வளர்ந்து முடிக்க வேண்டும். அதனால் எல்லாமே அவசரத்தில் நடக்கிறது. முட்டையில் தொடங்கி இறக்கை வருவது வரை ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.

சரி, இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: குருத்தைத் தின்பது புழு. எறும்பு அதில் வாய் வைக்கவில்லை.

ஜாகாவும் ஒரு கிளாஸ் தே ஓவும்

அப்படியானால் எறும்புக்கு அங்கே என்ன வேலை?

பசாரில் ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. ராத்திரி கடையில் ஆள் இல்லை. அந்தப் பக்கம் ஒரு ஜாகா, அதாவது காவல்காரர், சுற்றி வருகிறார். அவர் கடைக்காரருக்குச் சொந்தக்காரர் இல்லை, கடைக்காரரிடம் சம்பளம் வாங்குகிறவரும் இல்லை. ஆனால் கடைக்காரர் தினமும் ஒரு போத்தலில் சூடாகத் தே ஓ வைத்துவிட்டுப் போகிறார். ஜாகா அதைக் குடிக்க வருவார், குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்காருவார். ஜாகா உட்கார்ந்திருக்கிற கடையில் திருடன் கை வைக்க மாட்டான்.

புழுவும் எறும்பும் இருப்பது இந்த மாதிரிதான். புழு இனிப்புத் தருகிறது, எறும்பு அதற்காக வருகிறது. வந்த இடத்தில் அது நிற்பதே புழுவுக்குக் காவல். இரண்டு வகை உயிர்கள் சேர்ந்து வாழ்ந்து, இரண்டுக்கும் அதனால் ஆதாயம் இருந்தால் அதற்குக் கூட்டுவாழ்வு என்று பெயர். இந்தச் சொல்லில் பாசம் இல்லை, தியாகமும் இல்லை. வரவு செலவு கட்டுப்படியாகிறவரை நிற்கும், கட்டுப்படியாகாவிட்டால் பிரிந்துவிடும்.

சைக்கஸ் நீலன் சேர்ந்திருக்கிற பட்டாம்பூச்சிக் குடும்பத்துக்கே நீலன் குடும்பம் என்றுதான் பெயர். அதில் உலகம் முழுக்க 5,000-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. முழு வாழ்க்கையும் தெரிந்தவற்றை மட்டும் எடுத்துக் கணக்குப் பார்த்தால், நாலில் மூன்று பங்கு ஏதோ ஒரு விதத்தில் எறும்போடு சம்பந்தப்பட்டவை. ஆகவே நம் கோயில் செடியில் நடந்தது அபூர்வம் இல்லை. அந்தக் குடும்பத்தின் வழக்கமே அதுதான்.

புழுவின் முதுகில் என்ன இருக்கிறது?

ஒப்புமை இங்கே முடிகிறது. இனி உடம்பைப் பார்ப்போம், ஏனென்றால் இந்தப் புழு உடம்பிலேயே ஒரு கடை வைத்திருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு, கைப்பேசி கேமராவில் மாட்டுகிற சின்ன லென்ஸோடு அந்தச் செடிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். புழு ஒரு சென்டிமீட்டர் இருக்கும். கவிழ்த்த படகு போலத் தட்டை. ஒன்று குருத்தின் பச்சையிலேயே இருந்தது. பக்கத்தில் இருந்தது கறுஞ்சிவப்பு. இரண்டும் ஒரே வகைதான், இந்தப் புழுவுக்கு நிறம் அப்படி மாறும். தலை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தலையை உடம்புக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டுதான் தின்கிறது.

ஒரு சின்னக் கறுப்பு எறும்பு அதன் முதுகில் ஏறியது. பின்பக்கம் ஓரிடத்தில் நின்று, இரண்டு உணர்கொம்புகளாலும் படபடவென்று தட்டியது, கதவைத் தட்டுவது போலவே. இரண்டு மூன்று நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் முதுகில் ஒரு சின்னப் பிளவு திறந்து, கண்ணாடி மணி போல ஒரு துளி எழும்பியது. எறும்பு வாய் வைத்தது, துளி போய்விட்டது. அது நகர்ந்ததும் அடுத்த எறும்பு வந்து தட்டியது.

அந்தப் பிளவு தேன்சுரப்பி. புழுவின் வயிற்றுப் பகுதியில் ஏழாவது வளையத்தின் மேல், நடு முதுகில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூகமர் என்ற பூச்சியியலாளர் 1912-இல் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயராலும் அழைக்கிறார்கள். அதில் சுரப்பது வெறும் சர்க்கரைத் தண்ணீர் இல்லை. புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலங்களும் சேர்ந்தே இருக்கும். சர்க்கரை எறும்புக்கு வேறு இடத்திலும் கிடைக்கும். அமினோ அமிலம் கலந்த சர்க்கரை அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது.

எட்டாவது வளையத்தில் இடமும் வலமும் இன்னும் இரண்டு உறுப்புகள் உண்டு. சாதாரணமாக உள்ளே மடங்கிக் கிடக்கும். புழு மிரண்டால் சட்டென்று வெளியே நீண்டு, நுனியில் தூசி தட்டுகிற பிரஷ் மாதிரி விரிந்து, மறுபடி உள்ளே போய்விடும். அதைக் கண்ட எறும்புகள் பரபரப்பாகி நாலா பக்கமும் ஓடும். தோட்டத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னால் புரியும்: காலையில் வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டு மணி அடித்தது போல.

மூன்றாவது விஷயம் கண்ணுக்குத் தெரியாது. தோல் முழுவதும் பரவிய நுண்ணிய துளைகளிலிருந்து, எறும்பின் கோபத்தைத் தணிக்கிற வாசனைப் பொருள் கசிகிறது. எறும்புக்கு உலகமே வாசனைதான். எதிரில் இருப்பது இரையா இல்லையா என்பதை அது மோந்து பார்த்துத்தான் முடிவு செய்யும். இத்தனைக்கும் மேலே புழு ஒரு முன்னெச்சரிக்கையும் வைத்திருக்கிறது. நீலன் குடும்பத்துப் புழுக்களின் தோல் மற்றப் பட்டாம்பூச்சிப் புழுக்களின் தோலைவிடப் பல மடங்கு தடிப்பு. எறும்பு ஒரு தடவை தவறிக் கடித்தாலும் உயிர் போகாது.

துளியைக் கொடுத்து எறும்பை வரவழைப்பது, உறுப்பை நீட்டி உசுப்புவது, வாசனையால் தணிப்பது. எறும்பு ஏன் கடிக்கவில்லை என்ற கேள்விக்கு உடம்பில் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

யாரிடமிருந்து இந்தக் காவல்?

குருவி, சிலந்தி என்று நினைப்போம். அவற்றைவிடப் பெரிய எதிரி ஒரு கொசு அளவுகூட இல்லாத குளவி.

ஒட்டுண்ணிக் குளவி என்பது வேறொரு பூச்சியின் முட்டைக்குள்ளோ புழுவுக்குள்ளோ தன் முட்டையை வைக்கிற குளவி. அதன் குஞ்சு உள்ளேயிருந்தே தின்று வளர்ந்து, கடைசியில் அந்தப் புழுவைக் கொன்றுவிட்டு வெளியே வரும்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் குளவி தெரியாமலேயே பழக்கம். செம்பனை ஓலையில் பை கட்டிக்கொண்டு தொங்கும் உலாட் புங்குஸ் ஓலையைச் சுரண்டித் தின்று காய்ப்பையே கெடுத்துவிடும். அதற்காகத்தான் தோட்டப் பாதை ஓரமெல்லாம் துர்னேரா என்ற பூச்செடியும், இளஞ்சிவப்புக் கொத்தாகப் படரும் கொடிரோஜாவும் நட்டிருப்பார்கள். அழகுக்கு நட்டது என்றுதான் சின்ன வயதில் நானும் நினைத்தேன். அந்தப் பூவில் தேன் குடிக்க ஒட்டுண்ணிக் குளவிகள் வரும், வந்த இடத்தில் உலாட் புங்குஸ் மேல் முட்டை வைக்கும். இந்த மாதிரிக் குளவிகளில் வேறு சிலவற்றுக்குப் பட்டாம்பூச்சிப் புழுவும் வெறும் தீனிதான். உடம்பில் எறும்பு ஓடிக்கொண்டிருக்கிற புழுவின் மேல் குளவி இறங்கி, நிதானமாக முட்டை வைக்க இடம் கிடைக்காது.

காவல் உண்மையிலேயே பலிக்கிறதா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் நயோமி பியர்ஸ் என்ற ஆய்வாளரும் மீட் என்பவரும் சில செடிகளில் எறும்பு ஏறாமல் தடுத்து, சிலவற்றை அப்படியே விட்டு, நீலன் புழுக்களை ஒப்பிட்டார்கள். எறும்பு இல்லாத புழுக்களில்தான் ஒட்டுண்ணிகள் கூடுதலாகப் புகுந்திருந்தன. 1981-இல் அந்த முடிவு வெளிவந்தது.

நம் மாமா எறும்புப் பொடி போட்டபோது உண்மையில் செய்தது கடையை விட்டுவிட்டு ஜாகாவை மட்டும் விரட்டியது. குளவிக்கு அது வழி திறந்துவிட்டிருக்கலாம். குருத்துக்கு அதனால் லாபமில்லை, ஏனென்றால் உள்ளே குளவிக் குஞ்சு இருக்கிற புழுவும் கொஞ்ச நாள் தின்றுகொண்டுதான் இருக்கும்.

நட்பா, வியாபாரமா?

இனிப்பு இலவசம் இல்லை. குருத்தைத் தின்று தான் வளரச் சேர்த்த சத்திலிருந்துதான் புழு அந்தத் துளியைக் கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் எறும்புக் காவலை மிகவும் நம்பி வாழ்கிற ஒரு நீலனை ஆராய்ந்தபோது, எறும்பு மொய்த்த புழுக்கள் கூட்டுப்புழுவானபோது எடை குறைந்திருந்தன. அதாவது காவலுக்கு உடம்பால் விலை கொடுத்தன. அப்படிக் கொடுத்தும் லாபம்தான், காரணம் காவல் இல்லாதவை பெரும்பாலும் பிழைக்கவே இல்லை.

விலை இருப்பதால் புழு கணக்காகவும் இருக்கிறது. ஐரோப்பாவின் ஒரு நீலனை வைத்து லைமார், அக்ஸேன் என்ற இருவர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், தாக்குதல் நடப்பது போலப் புழுவைச் சீண்டினால் அது கூடுதல் துளி கொடுத்தது. ஆபத்து வந்தால்தான் கை தாராளமாகிறது.

வியாபாரம் என்று சொல்லி இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் பல காலம் எல்லோரும் நினைத்தார்கள். ஜப்பானில் ஹோஜோ என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்து அதே பியர்ஸும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்துப் பார்த்தது. அங்குள்ள ஒரு நீலன் புழுவின் துளியைக் குடித்த எறும்புகள் குறைவாக நடமாடின, புழுவை விட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றியே நின்றன. புழு தன் உறுப்பை நீட்டியபோது குடித்த எறும்புகள்தான் சண்டைக்கு எழுந்தன. அந்த எறும்புகளின் மூளையைப் பார்த்தால், டோபமின் குறைந்திருந்தது. டோபமின் என்பது நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று, நடமாட்டத்தோடும் சம்பந்தப்பட்டது.

கடைக்காரர் வைத்த தே ஓவில் ஜாகாவை எழுந்து போகவிடாத ஏதோ கலந்திருந்தது போல. அந்த வகையில் அது நியாயமான வியாபாரமா, பாதி வசியமா என்று கேட்டால், நான் வசியத்தின் பக்கம்தான் சாய்வேன். சைக்கஸ் நீலனின் துளியும் அதையே செய்யும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆய்வு செய்தது வேறொரு நீலனை. ஆனால் 'நண்பர்கள்' என்ற அந்த வீடியோவின் சொல்லை இதற்குப் பிறகு என்னால் ஏற்க முடியவில்லை.

முசுறுக் கூட்டுக்குள் ஒரு திருடன்

உறவு எவ்வளவு தூரம் கெடலாம் என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ரப்பர் மரத்திலும் மாமரத்திலும் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிற முசுறு, மலாயில் கெரெங்கா. மரத்தில் ஏறியவர் யாரும் அதன் கடியை மறந்திருக்க மாட்டார். அந்தக் கூட்டுக்குள் நுழைந்து, எறும்பின் குஞ்சுகளையே தின்று வளர்கிற நீலன் ஒன்று மலேசியாவில் இருக்கிறது. அதன் புழுவின் முதுகு ஆமை ஓடு மாதிரி கெட்டி, எறும்பு கடித்தால் வழுக்கும். இறக்கையோடு வெளியே வரும் நாளில் உடம்பெல்லாம் உதிரும் வெள்ளைச் செதில் பூசியிருக்கும். எறும்பு கவ்வினால் வாயில் செதில்தான் மிஞ்சும், பட்டாம்பூச்சி நழுவி வெளியேறிவிடும். இனிப்புக் கொடுக்கிற குடும்பத்தில்தான் இந்தத் திருடனும் பிறந்திருக்கிறான்.

இறக்கை வந்த பிறகு

சைக்கஸ் புழு கூட்டுப்புழுவாக மாறுவது செடியின் நடுக்கொண்டையிலும் அடி மட்டைகளின் இடுக்கிலும். கூட்டுப்புழு என்பது தின்னாமல், நடக்காமல், உள்ளே உடம்பை மாற்றிக்கொள்கிற பருவம். இறக்கை வந்து பறந்துவிட்டால் முதுகில் தேன்சுரப்பி இல்லை, காவலும் இல்லை. வேறு தந்திரம் வேண்டும்.

அதற்குத்தான் அந்த மயிரிழை வால். வாலின் அடியில் ஆரஞ்சு வளையம் வைத்த ஒரு கறுப்புப் புள்ளி. உட்கார்ந்ததும் பின்இறக்கைகளை மேலும் கீழுமாக உரசும், வால்கள் உணர்கொம்பு போல ஆடும். பார்க்கிறவருக்கு அதுதான் தலை என்று தோன்றும். பொய்த்தலை என்று சொல்வார்கள். பல்லியோ குதிக்கும் சிலந்தியோ அதன் மேல் பாய்ந்தால் கிடைப்பது இறக்கையின் ஒரு துண்டு. நம் கோயிலில் வாலும் புள்ளியும் பிய்ந்துபோன ஒன்று அரளிப்பூவுக்குப் பக்கத்தில் நிம்மதியாகப் பறந்துகொண்டிருந்ததை நான் இரண்டு நாள் பார்த்தேன்.

சரி, குருத்தை என்ன செய்வது?

அழகுச் செடி வியாபாரத்தோடு சேர்ந்து இந்த நீலன் கடல் கடந்து பல இடங்களுக்குப் போய்விட்டது. 2005-இல் குவாம் தீவில் கண்டுபிடித்தார்கள். அங்கே காட்டில் இயற்கையாக வளரும் சைக்கஸுக்கு இது ஒரு கூடுதல் சோதனை. நம் ஊரில் அந்தக் கவலை இல்லை, இது இங்கேயே பிறந்த பூச்சி. நமக்கு இருப்பது ஒரு செடியின் குருத்துப் பிரச்சினை மட்டும்தான். இதில் எறும்புப் பொடி வேண்டாம், அது தப்பான ஆளைத் தண்டிக்கிறது.

குருத்து முளைக்கிற அன்றே கொசுவலைத் துணியை மேலே போர்த்தி அடியில் கட்டிவிட்டால், இலை விறைப்பாகும்வரை முட்டை விழாது. முட்டை ஏற்கெனவே விழுந்துவிட்டால் காலையும் மாலையும் ரப்பர் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம், இல்லாவிட்டால் கையால் பொறுக்கலாம். சைக்கஸ் இலையும் விதையும் நஞ்சு. நாய்க்கும் ஆகாது, மனிதருக்கும் ஆகாது. அதனால் தொட்ட கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

நாங்கள் கோயிலில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இடப்பக்கச் செடிக்கு வலை, வலப்பக்கச் செடி நீலனுக்கு. முதலில் தயங்கியவர் மாமாதான். இந்த வாரம் வலப்பக்கத்தில் கட்டைவிரல் உயரத்துக்குக் குருத்து கிளம்பியிருக்கிறது. நேற்று சாயங்காலம் என்னை அவரே கூப்பிட்டு, "தம்பி, உங்க லென்ஸை எடுத்துட்டு வாங்க, வெள்ளைப் புள்ளி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு" என்றார். குனிந்து பார்த்தோம். ஊசி முனையளவு முட்டைகள், எண்ணினால் பதினொன்று. ஒரு கறுப்பு எறும்பு குருத்தின் நுனிவரை ஏறி, ஒன்றையும் தொடாமல் இறங்கிப் போனது.